ஜீனோம் தரவு: நம் சர்வருக்கு இறக்குவதா, இருக்குமிடத்திலேயே அலசுவதா?

மருத்துவ ஆய்வுக்கு மனித ஜீனோம் (ஒருவரின் முழு மரபணுத் தொகுப்பு) தரவு கேட்பவர்களுக்கு இன்று முக்கியமாக இரண்டு வழி. அனுமதி வாங்கிக் கோப்புகளை நம் சர்வரில் இறக்கிக்கொள்ளலாம். அமெரிக்காவின் டிபிகேப் (dbGaP), ஐரோப்பாவின் ஈஜிஏ (EGA) ஆகிய தரவுக் காப்பகங்கள் பல ஆண்டுகளாக இப்படித் தருகின்றன. அல்லது தரவு இருக்கும் இடத்துக்குள் நுழைந்து அலசிவிட்டு, முடிவுகளை மட்டும் வெளியே எடுக்கலாம். பிரிட்டனின் யூகே பயோபேங்க், ஜீனோமிக்ஸ் இங்கிலாந்து, அமெரிக்காவின் ஆல் ஆஃப் அஸ் எல்லாம் இந்த வகை. இரண்டிலும் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் இந்த இரண்டாவது வகையின், அதாவது பூட்டிய அறையின் பக்கம்தான்.

பெயரை நீக்கினால் போதாதா என்பது பழைய கேள்வி. பலரின் மரபணு வேறுபாடுகளைத் தொகுத்த விகிதங்களை வைத்தே ஒருவர் ஓர் ஆய்வில் இருந்தாரா என்று சொல்லிவிடலாம் என 2008-இல் ஹோமர் குழு காட்டியதும், பொதுவில் வைத்திருந்த தொகுப்புகளை என்ஐஎச் (அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம்) விலக்கிக்கொண்டது. 2013-இல் ஒய் குரோமோசோமிலிருந்து குடும்பப் பெயரையே எட்டிவிட்டார்கள்.

வசதியில் இறக்குவதுதான் மேல். நமக்குப் பழகிய மென்பொருள், நம் கணினி, மணிக்கணக்கில் பில் கிடையாது. ஆனால் யூகே பயோபேங்கின் ஐந்து லட்சம் முழு ஜீனோம்கள் 27 பெட்டாபைட்டுக்கும் மேல். அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு, அதிலும் பங்கேற்பாளர் விலகல். தரவு கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அப்போது ஒரு மின்னஞ்சல் வரும். இணைப்பில் எண்கள் மட்டும், காரணம் எதுவும் இருக்காது. அந்த எண்ணுக்குரியவர் நம்மிடம் எங்கெல்லாம் இருக்கிறார்? மூலக் கோப்பில், பலரின் மரபணு வேறுபாடுகளைச் சேர்த்துப் பட்டியலிட்ட விசிஎஃப் (VCF) கோப்பில், அதிலிருந்து பிளிங்க் (PLINK) என்ற அலசல் மென்பொருளுக்காகச் செய்த கோப்பில், போன வருடத்து டேப் பேக்கப்பில், படிப்பை முடித்துப்போன மாணவரின் ஃபோல்டரில். சேர்த்த கோப்பில் ஒரு வரியை அழித்தால் தீராது. அவருடைய நெடுவரிசையை நீக்கிக் கோப்பையே புதிதாக எழுதி, இண்டெக்ஸும் போட வேண்டும். கிரிப்ட்4ஜிஎச் (ஜீனோம் கோப்புகளுக்கென்றே உள்ள பூட்டு முறை) மாதிரி என்கிரிப்ஷன் கோப்பை வழியிலும் சேமிப்பிலும் காக்கும். ஆனால் அலசலின் நடுவே உருவாகும் தற்காலிகக் கோப்புகளை ஸ்கிராட்ச் டிஸ்க்கிலிருந்து பெருக்கித் தள்ளுவது நம் பாடு. 2025 ஜனவரியிலிருந்து என்ஐஎச் தன் கட்டுப்பாட்டுத் தரவுக்குப் புதிதாக அனுமதி வாங்குபவர்களிடமும் அதைப் புதுப்பிப்பவர்களிடமும் நிஸ்ட் 800-171 என்ற கணினிப் பாதுகாப்புத் தரத்தையும் கேட்கிறது. தனி ஐடி ஆள் இல்லாத சின்ன ஆய்வகத்துக்கு இது பெரிய சுமை.

பூட்டிய அறையில் மூலப் பிரதியின் கவலை அவர்களுடையது. நாம் உருவாக்கிய கோப்புகளை நாம்தான் களைய வேண்டும். என்றாலும் எல்லாம் ஒரே புராஜெக்டுக்குள் கிடக்கும்.

தலைவலி அங்கேயும் உண்டு. மணிக்கணக்கில் பில் ஓடும் ஒரு மெஷினை வெள்ளிக்கிழமை அணைக்க மறந்தால் திங்கள்கிழமை பில் பேசும். ஜீனோமிக்ஸ் இங்கிலாந்தில் முடிவுகள் வெளியே போகும் முன் ஏர்லாக் என்ற சோதனையைத் தாண்ட வேண்டும். ஆல் ஆஃப் அஸில் 20 பேர் அல்லது அதற்கும் குறைவான எண்ணிக்கையைப் பொதுவாக வெளியிட முடியாது. அரிய நோய் பார்ப்பவர்களுக்கு அது கையைக் கட்டிப்போட்டது போல. இரண்டு அறைகளின் தரவை ஒன்றாகக் கொட்டி அலசவும் பொதுவாக வழியில்லை. நிரலை ஒவ்வோர் இடத்துக்கும் அனுப்பி விடைகளைச் சேர்க்கும் ஃபெடரேட்டட் முறை அதற்குத்தான். அதில் என் அனுபவம் மாதிரித் தரவைத் தாண்டவில்லை, அதனால் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

சில நூறு பேரின் எக்ஸோம் (ஜீனோமில் புரதம் உருவாக்கும் சிறு பகுதி), கையாளுபவர் ஒருவர் என்றால் இன்றும் ஈஜிஏ-விலிருந்து இறக்கத் தயங்க மாட்டேன். ஆனால் எந்தப் பிரதி எந்த டிஸ்க்கில் என்ற பட்டியலை முதல் கோப்பு இறங்கும் முன்பே தொடங்கிவிடுவேன். அந்த ஃபோல்டரை டேப் பேக்கப்பில் சேர்க்க விடமாட்டேன்.