எனர்ஜி பாரோடு இரண்டு சாகுபடி ஆண்டுகள்

வயல் ஆய்வுப் பணிக்காக மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம், வலங்கைமான், குடவாசல் என்று வண்டியில் சுற்றிவரும் எனக்கு, மதியச் சாப்பாடு மூன்று மணிக்கா நான்கு மணிக்கா என்பது அன்றன்று வயலில் இறங்கிய பிறகுதான் தெரியவரும். இடையில் டீயும் பருப்பு வடையுமாகச் சமாளித்ததில் நெஞ்செரிச்சல் நிரந்தரமானது. அதனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, குறுவை நடவு நாட்களில் எனர்ஜி பார் வாங்கத் தொடங்கினேன்.

முதலில் வாங்கியவை சாக்லேட் பூச்சு கொண்டவை. கோகோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும் என்பதை, வெயிலில் நின்ற வண்டியின் பெட்டியைத் திறந்தபோதுதான் உணர்ந்தேன்.

அடுத்து, சர்க்கரை சேர்க்காதது என்று எழுதியிருந்த வகைக்கு மாறினேன். அதில் இனிப்புக்காக மால்டிடால் சேர்த்திருந்தார்கள். சிறுகுடலில் முழுமையாக உறிஞ்சப்படாத அந்தப் பொருள் பெருங்குடலில் நொதித்து வாயுவை உண்டாக்கும். அதிகமானால் வயிற்றுப்போக்கும் வரும். ஒதுங்க இடமில்லாத வயல்வெளியில் அந்த ஒரு பிற்பகல் பட்ட துன்பத்தை நான் மறக்கவில்லை.

அதன் பிறகுதான் உறையின் பின்பக்கத்தைப் பொறுமையாகப் படிக்கத் தொடங்கினேன். மூலப்பொருட்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் அச்சிடுவது விதி என்பதால், முதலில் உள்ள இரண்டு மூன்று பெயர்களே பெரும்பாலும் போதும். ஆனால் குளுக்கோஸ் சிரப், தேன், வெல்லம், இன்வெர்ட் சிரப் என்று இனிப்பைப் பல பெயர்களாகப் பிரித்துவிட்டால், ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். அவற்றைச் சேர்த்தே எண்ண வேண்டும். சத்து அளவுகளை 100 கிராமுக்குக் கொடுத்திருந்தால் பாரின் எடைக்கு மாற்றிப் பார்க்கிறேன்: 100 கிராமில் 30 கிராம் சர்க்கரை என்றால், 40 கிராம் பாரில் 12 கிராம், அதாவது ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி.

இப்போது நான் வாங்குவது பேரீச்சம்பழமும் நிலக்கடலையும் முதலிடத்தில் உள்ள, பூச்சு இல்லாத பார். நடவு வயலில் அதை வாங்கிச் சுவைத்த அம்மா ஒருவர், "பேரீச்சம்பழ உருண்டையைத் தட்டி வச்சிருக்காங்க தம்பி" என்றார். சரியாகத்தான் சொன்னார். பதினோரு மணிக்குப் பாதி, இரண்டு மணிக்கு மீதி, ஒவ்வொரு முறையும் நிறையத் தண்ணீர் என்று சாப்பிட்டால் சாப்பாடு கிடைக்கும்வரை சோர்வு தெரிவதில்லை.

அப்படியென்றால் கடலை மிட்டாய் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். நிலக்கடலையில் 100 கிராமுக்குச் சுமார் 25 கிராம் புரதம் உண்டு, விலையும் குறைவு. கோடையில் நான் அதைத்தான் எடுத்துச் செல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும், சில்லறையாக வாங்கிய கடலை மிட்டாயின் வெல்லம் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடுகிறது. சம்பா வயல்களுக்குப் போகும் அந்த மாதங்களில், காற்றுப் புகாத உறையில் வரும் பாருக்குக் கொடுக்கும் விலை எனக்கு நியாயமாகவே படுகிறது.

சர்க்கரை நோய் உள்ள என் மூத்த சகப் பணியாளருக்கு இதை நான் நீட்டுவதில்லை. பேரீச்சம்பழத்தின் இனிப்பும் சர்க்கரைதான் என்பதால், அவர் தன் பையில் வறுத்த கொண்டைக்கடலை வைத்திருக்கிறார்.