வண்டியைத் தெருமுனையில் நிறுத்துங்கள்: வீட்டுக்கு வரும் மனநலச் சேவை, 8 மாத அனுபவம்

அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) வந்து 16 வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்றாலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நாங்கள் போய் மாத்திரை வாங்கி வருவோம், டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தே 2 வருடம் ஓடிவிட்டது. அதனால்தான் சென்னையில் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஒரு தனியார் சேவையில் சேர்ந்தோம். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை.

முதலில் வந்தவர் டாக்டர் இல்லை, ஒரு பெண் சமூகப் பணியாளர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கூடத்தில் உட்கார்ந்து அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, மூடிய கதவைப் பார்த்து, "தம்பி, உள்ளே வரட்டுமா, இல்லை இங்கேயே இருக்கட்டுமா?" என்று கேட்டார். பதிலே இல்லை. முக்கால் மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பிவிட்டார். இதற்கா காசு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மூன்றாவது வாரம் கதவு ஒரு சாண் திறந்தது, பைக்குள் என்ன இருக்கிறது என்று அண்ணன் கேட்டார், அந்த அம்மா பையை அப்படியே தரையில் கொட்டிக் காட்டினார்: பிரஷர் பார்க்கும் கருவி, ஒரு நோட்டு, குடை, டிபன் பாக்ஸ். அதற்கப்புறம்தான் டாக்டர் வந்தார்.

குளோசபின் தொடங்கினார்கள், மற்ற மாத்திரைகள் சரியாகக் கேட்காதபோது இந்த நோய்க்குக் கொடுப்பது. அது ரத்தத்தில் வெள்ளையணுக்களைக் குறைத்துவிடக்கூடிய மாத்திரை, முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். இவரை லேபுக்குக் கூட்டிப்போக முடியாது என்பதால்தான் இத்தனை வருடம் அது எங்களுக்குக் கிடைக்காமலே இருந்தது. நர்ஸ் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்ததால் மட்டுமே நடந்தது, அதற்காகவே இந்தச் சேவைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் காலை 7 மணிக்கு வந்து நிற்பார்கள். அந்த மாத்திரை போட்டவர் அந்த நேரத்தில் எழுந்திருப்பாரா? சண்டை போட்டு 11 மணிக்கு மாற்றினோம்.

சரி, குறைகள். மனநலம் என்று பெரிதாக எழுதிய வண்டியை எங்கள் கேட் முன்னாலேயே நிறுத்தினார்கள், தெருவே எட்டிப் பார்த்தது, அண்ணன் அன்று சாப்பிடவில்லை. சொன்னபின் தெருமுனையில் நிறுத்துகிறார்கள். நான்காவது மாதம் ஒரு வார்த்தை சொல்லாமல் நர்ஸை மாற்றினார்கள், கதவு மறுபடி 2 வாரம் சாத்திக்கொண்டது. வருகையை உறுதிசெய்ய அண்ணன் போனுக்கு ஓடிபி அனுப்புகிறார்கள். போன் மூலம் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று பயப்படுகிறவருக்கு ஓடிபியா! இரவு அவசரத்துக்குக் கொடுத்த எண்ணை ஒருநாள் 11 மணிக்கு யாரும் எடுக்கவில்லை, அன்று கைகொடுத்தது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416. தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள்.

இன்னொன்று, இத்தனை பேர் வந்து போகிறார்கள், நீங்கள் தூங்குகிறீர்களா என்று அம்மாவை ஒருவரும் கேட்டதில்லை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு, அரசு தர வேண்டிய சேவைகளில் குடும்பத்துக்கான ஆதரவையும் வீட்டிலேயே மறுவாழ்வையும் சேர்த்தே சொல்கிறது. அம்மாவின் பிரஷர் மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வாசலுக்கு வருகிறது. இவனுக்கும் அப்படி வராதா என்று ஒவ்வொரு மாதமும் கேட்கிறார். ஒரு வருகைக்கு 1,200 ரூபாய் எத்தனை குடும்பங்களால் கொடுக்க முடியும்?

சேர்வதாக இருந்தால் இரண்டைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: வருகிறவர் மாறினால் புதியவரைப் பழையவரே அழைத்து வந்து அறிமுகம் செய்வாரா, இரவில் போனை யார் எடுப்பார். நாங்கள் தொடர்கிறோம். போன செவ்வாய்க்கிழமை நர்ஸ் வர 10 நிமிடம் தாமதமானதும் அண்ணனே கேட் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.