கடல் தாள்களும் சின்னக் கத்தரிக்கோலும்: ஒரு முன்பள்ளி அனுபவம்

சிறு பிள்ளைகளுக்கு வெட்டப் பழக்கும் கடல் படத் தொகுப்பு ஒன்றை இணையத்தில் வாங்கி, மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் இருக்கும் எங்கள் முன்பள்ளியில் சில வருடங்களாகப் பாவித்து வருகிறோம். வாங்கலாமா என்று பக்கத்து முன்பள்ளி ரீச்சர்மார் அடிக்கடி கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் அதில் இருக்கிற வரிசைப்படி பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். படம் அழகாக இருக்கிறதா என்று பார்த்து அடுக்கியிருக்கிறார்கள், பிள்ளையின் கையைப் பார்த்து அடுக்கவில்லை.

முதலில் அச்சுக் கதை. தொகுப்பு கோப்பாகத்தான் வரும், நாங்களே அச்சிட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் செய்ததால் லெட்டர் அளவில் இருக்கிறது. அதன் அகலம் 216 மில்லிமீற்றர், எங்கள் ஏ4 தாளோ 210தான். கடையில் அப்படியே அச்சிட்டுத் தந்தால் ஓரத்தில் இருக்கிற மீனுக்கு வால் இருக்காது. தாளுக்கு அளவாகச் சுருக்கித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கலர் பிரின்ட் தேவையே இல்லை. கறுப்பு வெள்ளையில் ஒன்று எடுத்து, வெட்டுக் கோட்டின் மேல் மார்க்கரால் தடிப்பாக இழுத்துவிட்டுப் போட்டோகொப்பி போடுவதே எங்கள் வழக்கம். அவர்கள் போட்டிருக்கிற மெல்லிய புள்ளிக் கோடு இரண்டாவது கொப்பியிலேயே மங்கிவிடும். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கோடு விரல் தடிப்பில் இருந்தாலும் நல்லதுதான், அதற்குள் வெட்டிவிட்டாலே அது வெற்றி.

கோப்புக்குக் காசு ஒருமுறை. தாளுக்கு ஒவ்வொரு தவணையும். 2022 இல் கடதாசித் தட்டுப்பாடு வந்து, மேல் மாகாணத்தில் பரீட்சைகளையே தள்ளிப் போட்டார்கள். அந்த நேரம் ஏ4 கட்டு ஒன்றை அலுமாரியில் பூட்டி வைக்கிற நிலை எங்களுக்கு. வைக்கோலில் கடதாசி செய்த ஆலை வாழைச்சேனையில் இருந்த மாவட்டம் இது என்று நினைக்கச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. அப்போதுதான் பெற்றோரிடம் பழைய கலண்டர், பிஸ்கட் பெட்டி, கல்யாண வீட்டுக் கார்ட், சாமத்திய வீட்டுக் கார்ட் எல்லாம் கேட்டு வாங்கத் தொடங்கினோம். தட்டுப்பாடு போன பிறகும் அதை விடவில்லை, ஏனென்றால் வெட்டப் பழகுகிறவருக்குத் தடித்த தாள்தான் சுகம். சாதாரண 80 கிராம் தாள் கையில் தொங்கும், கத்தரி வாய்க்குள் மடிந்து மாட்டும். அழைப்பிதழ் அட்டை விறைப்பாக நிற்கும், வெட்டும்போது கரக் கரக் என்று சத்தமும் வரும். அந்தச் சத்தத்துக்காகவே சில பிள்ளைகள் இன்னொன்று கேட்பார்கள்.

இனி வரிசை. தொகுப்பின் முதல் பக்கங்களில் நட்சத்திர மீன் வருகிறது. பார்க்க வடிவுதான், ஆனால் அதற்கு ஐந்து கூரும் ஐந்து உள்மூலையும். கத்தரியை இப்போதுதான் திறந்து மூடப் பழகுகிற பிள்ளை அதில் என்ன செய்யும்? நாங்கள் தொடங்குவது ஜெலி மீனில். குடை மாதிரி உடம்பை நாங்களே வெட்டிக் கொடுத்துவிடுவோம். கீழே தொங்குகிற இழைகளை மட்டும் பிள்ளை ஒவ்வொரு வெட்டாக நறுக்க வேண்டும். ஒரு வெட்டு வெட்டினால் ஒரு இழை கிடைத்துவிடும், தவறவே முடியாது. பென்சிலில் சுற்றி விட்டால் இழை சுருளும், நூலில் கட்டித் தொங்கவிட்டால் காற்றில் ஆடும். மூன்று வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு இந்த ஒரு தாள் போதும்.

பிறகு நேர்க்கோடு. தோணியிலிருந்து நங்கூரம் வரை, மீனிலிருந்து கடற்பாசி வரை என்று பட்டிப் பட்டியாகத் தந்திருக்கிறார்கள், இந்தப் பகுதி அருமை. நாலு வயதுக்குக் கிட்ட வரும்போது அலைக் கோடு, அதற்குப் பின் திமிங்கிலத்தின் பெரிய வளைவு. வட்டத்துக்கு வரும்போதுதான் உண்மையான வேலை தொடங்கும்: கத்தரியைத் திருப்பக் கூடாது, தாளைப் பிடித்திருக்கிற கைதான் தாளைத் திருப்ப வேண்டும். வலக்கைப் பிள்ளை கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வெட்டிப் போனால் கோடு கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். இடக்கைப் பிள்ளைக்கு முள் ஓடும் திசை. இதைத் தொகுப்பில் எங்கேயும் சொல்லவில்லை. பெருவிரல் மேலே பார்க்க வேண்டும், முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு சின்னப் படம் போட்டிருக்கிறார்கள். பெருவிரல் நகத்தில் ஒரு மீன் ஸ்டிக்கர் ஒட்டி, "மீன் உங்களைப் பார்க்குதா?" என்று கேட்டால் கை தானாகத் திரும்பும்.

சுறாப் பல்லும் நட்சத்திர மீனும் கடைசித் தவணைக்கு. மூலையில் போய்த் தாளை மடக்கித் திருப்பப் பார்த்தால் கிழியும். வெளியிலிருந்து மூலை வரை ஒரு வெட்டு, கத்தரியை எடுத்துவிடு, மற்றப் பக்கத்தால் வந்து இன்னொரு வெட்டு. இதைப் பிடித்துக்கொண்ட ஒரு மகன் ஒவ்வொரு பல்லுக்கும் "மறுகா இந்தப் பக்கம்" என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி வெட்டி முடித்தார்.

தாளுக்கு முன்னால் செய்ய வேண்டியவையும் உண்டு, அதைத் தொகுப்பு அடியோடு விட்டுவிட்டது. கையால் கிழிப்பது, கோதுமை மாவில் உப்பும் கலரும் போட்டுப் பிசைந்து உருட்டி வெட்டுவது, உடுப்புக்குக் குத்துகிற கிளிப்பை அழுத்தித் திறப்பது எல்லாம் கத்தரிக்கோலுக்கு முந்தைய பாடம். எங்களுக்குச் செலவில்லாத சாமான் பூவரசம் இலை. தடிப்பு அளவாக இருக்கும், நரம்பில் வெட்டும்போது கைக்கு வித்தியாசம் தெரியும், எத்தனை வெட்டினாலும் காசு இல்லை. நடுவில் யாராவது இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதத் தொடங்குவார்கள், அதற்குப் பிறகு பத்து நிமிடம் வெட்டு நடக்காது.

கத்தரிக்கோல் விஷயத்தில் மலிவு பார்க்க வேண்டாம். பாதுகாப்பு என்று நினைத்து வாங்கிய முழுப் பிளாஸ்டிக் கத்தரிகள் மாவுக்குத்தான் சரி, தாளை வெட்டாமல் மடிக்கும். பிள்ளை தன் கையில் பிழை என்று நினைத்துக்கொள்ளும். உருண்டை நுனி, இரும்பு அலகு, பிளாஸ்டிக் பிடி, ஐந்து அங்குல நீளம்: இதுதான் நின்று உழைத்தது. கையில் பலம் குறைந்த பிள்ளைகளுக்குத் தானாகத் திறக்கிற ஸ்பிரிங் கத்தரி உதவும், ஆனால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வெட்டவும் பிறகு பழக்க வேண்டும். டவுனில் ஒரு கடையில் மொத்தமாக வாங்கிய ஒரு வகை ஒரு தவணைக்குள்ளேயே ஆணி கழன்று ஆடத் தொடங்கியது, மாற்றித் தரவும் இல்லை. வாங்கும்போது ஒன்றைத் திறந்து மூடிப் பார்த்து, கையோடு கொண்டுபோன தாளில் வெட்டிப் பார்ப்பது நல்லது.

இடக்கைப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரணக் கத்தரியை இடக்கையால் பிடித்தால் மேல் அலகு கோட்டை மறைத்துவிடும், கை அழுத்துகிற விதத்தில் அலகுகள் விலகியும் போகும். பிள்ளைக்குக் கெட்டித்தனம் இல்லை என்று அம்மம்மா சொல்லுவார், சோத்துக்கைக்கு மாற்றச் சொல்லுவார். மாற்ற வேண்டியது கத்தரியைத்தான். இடக்கைக் கத்தரியில் அலகுகள் மாறிப் பூட்டியிருக்கும். இங்கே கடைகளில் தேடி அலுத்து, கொழும்பிலிருந்து ஒருவரிடம் சொல்லி எடுப்பித்தோம். வகுப்புக்கு இரண்டு இடக்கைக் கத்தரியாவது இருக்கட்டும்.

கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்றில் இரும்பு எதுவும் தப்பாது. விடுமுறைக்கு முன்னால் பசையைத் துடைத்து, ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூடியுள்ள டின்னில் வைத்தால் அடுத்த தவணைக்கும் ஓடும். முதல் வெட்டுப் பழைய பேப்பரில், இல்லாவிட்டால் எண்ணெய் படங்களில் ஏறும்.

இனிப் படங்கள். தொகுப்பில் இருக்கிற கடல் எங்கள் பிள்ளைகளின் கடல் இல்லை. பென்குயின் இருக்கிறது, இறால் இல்லை. நண்டுக்கு ஆறு கால் வரைந்திருந்தார்கள். தகப்பன் வாவியில் நண்டு பிடிக்கிற ஒரு பிள்ளை தாளைத் திருப்பித் தந்துவிட்டாள். "ரீச்சர், இது நண்டில்ல. நண்டுக்கு எட்டுக் கால், ரெண்டு கொடுக்கு." அவள் சொன்னது சரி. அதிலிருந்து வெட்டும் வாரத்தில் ஒருநாள் சந்தையில் சூடையும் கணவாயும் நண்டும் வாங்கிவந்து தட்டில் வைப்போம். தொட்டுப் பார்ப்பார்கள், மணந்து மூக்கைப் பொத்துவார்கள், செதிலை நகத்தால் சுரண்டுவார்கள். கணவாயில் எட்டுக் கையும் இரண்டு நீளக் கையும் எண்ணிவிட்டு வந்து தாளில் பத்து இழை நறுக்குகிற பிள்ளைக்கு அது வெறும் நறுக்கல் இல்லை. ஒக்டோபஸ் தாளை நாங்கள் கணவாயாக மாற்றி வரைந்துகொண்டது இதனால்தான். மீன் மணம் தீர எலுமிச்சங்காய் வெட்டிக் கையில் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

மீன்மகள் படம் வந்தபோது வகுப்பே சந்தோஷப்பட்டது, ஊரின் அடையாளம் அல்லவா. ஆனால் அந்தத் தலைமயிரை வெட்ட எனக்கே பொறுமை போதவில்லை. வாலை மட்டும் வெட்டக் கொடுக்கிறோம். பெரிய அலை ஒன்று கரையில் இருக்கிற வீட்டை நோக்கி எழும்புகிற தாளையும் நாங்கள் எடுப்பதில்லை. 2004 டிசெம்பர் 26 ஐப் பார்த்த அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் இருக்கிற வீடுகளுக்கு அதைக் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. பிள்ளைகளுக்கு அது வெறும் கோடு, வீட்டில் பார்ப்பவர்களுக்கு அப்படியில்லை. அலைக் கோட்டை வாவியாக்கி, மேலே கல்லடிப் பாலத்தைக் கீறிக் கொடுத்தோம்.

"எப்ப எழுத்துப் பழக்குவீங்க?" என்ற கேள்வி ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் வரும். ஒரு கை வெட்ட, மற்றக் கை தாளைத் திருப்ப, கண் கோட்டில் நிற்க, பெருவிரலும் மற்ற விரல்களும் சேர்ந்து உழைக்கிற வேலை இது. பென்சில் பிடிக்கவும் அந்தச் சின்னத் தசைகள்தான் வேண்டும் என்று சொல்லுகிறேன். எல்லாரும் நம்புவதில்லை. ஒரு தாய் நம்பி வீட்டில் கத்தரியைக் கொடுத்துவிட்டு, மகள் முன்மயிரை நறுக்கிக்கொண்ட போட்டோவை எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார். பெரியவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் கத்தரி, தாளைத் தவிர வேறொன்றும் வெட்டக் கூடாது. இந்த இரண்டையும் இப்போது தாளோடு எழுதி அனுப்புகிறோம்.

தொகுப்பில் இல்லாத, எங்கள் வகுப்பில் எல்லாவற்றையும் விட எடுபட்ட வேலை கரைவலை. தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கத்தால் ஒரு வெட்டு, மற்றப் பக்கத்தால் ஒரு வெட்டு என்று மாறி மாறி வெட்டிப் போக வேண்டும். ஒன்றும் மறுகரையைத் தொடக் கூடாது. தொடாமல் நிற்கத் தடித்த சிவப்புக் கோடு ஒன்று போட்டுவிடுவோம். கத்தரியை வேண்டிய இடத்தில் நிறுத்தப் பழக இதைவிட நல்ல வேலை நான் காணவில்லை. முடிந்ததும் விரித்து மெதுவாக இழுத்தால் கண் கண்ணாகத் திறந்து வலையாகிவிடும். இதற்கு மட்டும் மெல்லிய தாள்தான் சரி, அட்டை இழுபடாது. தவணை முடிவில் எல்லா வலைகளையும் ஒட்டி நீளமாக்கி, பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று "ஏலேலோ" போட்டு இழுப்பார்கள். உள்ளே அவர்கள் வெட்டிய சூடையும் கணவாயும் திமிங்கிலமும் கிடக்கும். போன தவணை யாரோ பென்குயினையும் போட்டிருந்தார்கள், அதை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று சண்டை.