ஆறு குளிர்காலம் வெளியில நின்ன கேஸ் கிரில்

கனடாவுல, மிசிசாகால நம்ம வீட்டு பின்பக்க டெக்ல கேஸ் கிரில் வாங்கி வச்சு ஆறு வருஷம் ஆச்சு, ஆறு குளிர்காலமும் வெளியிலயேதான் நின்னுச்சு. பனிதான் அத காலி பண்ணும்னு நெனச்சேன், கடைசில பாத்தா நான் மாட்டுன கவர்தான் வில்லன்.

மொத வருஷம் அக்டோபர் கடைசில சிக்கன் சுட்டு முடிச்ச கையோட கவர மாட்டி, அடில கயித்த இறுக்கி கட்டிட்டு உள்ள போயிட்டேன். உள்ள கொழுப்பும் ஈரமும் அப்டியே இருக்கு, காத்து போக வழியே இல்ல. ஏப்ரல்ல தொறந்தா கம்பி பூரா துரு, பர்னருக்கு மேல இருக்குற தகடு ஓட்டை, கொழுப்பு தட்டுல எலி புழுக்கை. வீட்டம்மா எட்டி பாத்தாங்க, அந்த வருஷம் அதுல சுட்ட எதையும் தொடல.

இப்ப பண்றது இதான். கடைசியா ஒரு தடவை மூடி போட்டு 15 நிமிஷம் ஃபுல்லா எரிய விட்டு, பிரஷ் போட்டு சுரண்டி, தட்ட கழுவி காய வச்சிடுவேன். கம்பி நம்மளது வார்ப்பு இரும்பு, அதனால தோசைக்கல்லுக்கு பண்ற மாதிரியே லேசா சூடு இருக்கும்போது பாதி வெங்காயத்த எண்ணெய்ல தொட்டு தேச்சு விட்டுடுவேன் (சிரிக்காதீங்க, வேல செய்யுது). நல்லா ஆறுன அப்புறம்தான் கவர், அதுவும் ரெண்டு பக்கம் காத்து ஓட்டை வச்சது, குளிர்காலத்துலயும் வெயில் அடிச்சா கழட்டி உதறி காய விட்டுடுவேன்.

சிலிண்டர மட்டும் கராஜ்ல வச்சிடாதீங்க. புரொப்பேன் காத்த விட கனம், லீக் ஆச்சுன்னா தரையோட தேங்கி நிக்கும், எங்கயாவது ஒரு பொறி போதும். வால்வ மூடி, கழட்டி, வெளியிலயே நிமித்தி வைங்க, குளிர் அத ஒண்ணும் பண்ணாது, மைனஸ் 42 டிகிரிக்கு கீழ போனாத்தான் அது கேஸா மாறாம திரவமாவே நிக்கும். கழுத்துல குத்தியிருக்குற தேதியயும் பாத்துக்கோங்க, 10 வருஷம் தாண்டிட்டா இங்க ரீஃபில் பண்ண மாட்டாங்க.

வசந்தத்துல பத்த வைக்கிறதுக்கு முன்னாடி ஹோஸ்ல சோப்பு தண்ணி தடவி நுரை வருதான்னு பாப்பேன், பர்னர் குழாய்க்குள்ள கம்பி பிரஷ் விடுவேன். மூணாவது வருஷம் தீ மஞ்சளா எரிஞ்சு, ரெகுலேட்டர்தான் போச்சுன்னு புதுசு வாங்கி மாட்டி, அப்பவும் மஞ்சள்தான், கடைசில பாத்தா குழாய்க்குள்ள சிலந்தி கூடு! ரொம்ப அடைச்சா தீ திரும்பி நாப் பக்கமே வருமாம். ரெகுலேட்டருக்கு போட்ட காசு வேஸ்ட்.

அந்த பழைய கவர் இப்ப பனி தள்ற மிஷின் மேல கெடக்கு. அதுலயும் துரு ஆரம்பிச்சிருச்சு.