மஹாரா: பி.எட். ரெக்கார்டு நோட்டுக்குப் பதிலாக இரண்டு வருடம் பயன்படுத்திப் பார்த்ததில்

பி.எட். படித்தவர்களிடம் ரெக்கார்டு பற்றி, அதாவது பயிற்சி விவரங்களை எழுதி ஒப்படைக்கும் நோட்டைப் பற்றி, விளக்க வேண்டியதில்லை. சீனியர் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க எழுதி, ஸ்கெட்ச் பேனாவில் கோடு போட்டு, கையெழுத்து வாங்கி முடித்ததும் அது ஏதாவது ஒரு பீரோவுக்குள் போய்விடும். அத்தனை பக்கத்திலும் எழுதியவர் என்ன யோசித்தார் என்று ஒரு வரி இருக்காது. பாடம் சொல்லித் தருபவளாக இது எனக்குப் பல வருட உறுத்தல், அதனால்தான் இரண்டு பேட்சுக்கு மஹாராவைப் போட்டுப் பார்த்தோம்.

மஹாரா ஒரு இ-போர்ட்ஃபோலியோ மென்பொருள். மாணவர் தன் எழுத்து, படம், ஒலிப்பதிவு, வீடியோ எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து, அதில் எதைக் காட்டலாம் என்று தானே தேர்ந்தெடுத்துப் பக்கமாக அமைக்கிறார். 2006-ல் நியூசிலாந்தில் தொடங்கிய திட்டம் இது. பெயர் மாவோரி மொழிச் சொல், சிந்தனை என்று பொருள். திறமூல மென்பொருள் இது. இணையவழியில் பாடம் நடத்த உதவும் மூடில் மென்பொருளை வைத்திருக்கும் கல்லூரி என்றால் அதோடு இணைத்துக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது இதிலுள்ள ஜர்னல், அதாவது தேதியோடு எழுதி வைக்கும் குறிப்பேடு. பள்ளிப் பயிற்சிக்குப் போன ஒரு மாணவி முதல் நாள் "வகுப்பு நன்றாக நடந்தது" என்று எழுதியிருந்தார், அவ்வளவுதான். வகுப்பை ஃபோனில் ஒலிப்பதிவு செய்து நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றேன். மூன்று வாரம் கழித்து அந்தப் பதிவுக்குக் கீழேயே எழுதினார்: ஒளிச்சேர்க்கை பாடத்தில் தான் கேட்ட கேள்விகள் எல்லாமே முன் பெஞ்சுக்கு மட்டும் போயிருக்கின்றன, பதில் வருமுன் தானே பதிலைச் சொல்லிவிட்டேன் என்று. நோட்டாக இருந்திருந்தால் முதல் வரியைக் கிழித்துவிட்டு அழகாக ஒன்றை எழுதி வைத்திருப்பார். இங்கே இரண்டும் தேதியோடு பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தான் எழுதியதைத் தானே வாசித்துத் திருத்துவதும் எழுத்தறிவுதான், அதை நாம் சொல்லித் தருவதே இல்லை.

அடுத்தது, யார் பார்க்கலாம் என்கிற விஷயம். பக்கம் உருவாக்கியதும் அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒருவருக்கு, ஒரு குழுவுக்கு, இந்தத் தேதி வரைக்கும் என்று நீங்கள்தான் திறந்துவிட வேண்டும். மஹாராவில் கணக்கே இல்லாதவருக்குக் காட்ட ரகசிய இணைப்பு ஒன்றும் கொடுக்கலாம். இதில் எங்களுக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. வகுப்பு வீடியோ இருந்த பக்கத்தின் இணைப்பை ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார், வீடியோவில் குழந்தைகளின் முகம் தெரிந்தது. இணைப்பை உடனே நீக்கிவிட்டோம். மறுநாள் இரண்டு மணி நேரம் அதைப் பற்றித்தான் பேசினோம், அந்த நாள் நடந்த பாடங்களிலேயே உருப்படியானது அதுதான். அப்புறம் எல்லோரும் கேமராவை வகுப்பின் பின்பக்கம் வைத்து எடுக்க ஆரம்பித்தார்கள். இணையத்திலிருந்து எடுத்த படத்துக்கு உரிமம் என்ன என்று குறிக்கும் வசதியையும் நிர்வாகி இயக்கி வைக்கலாம், நாங்கள் வைத்தோம். "கூகுளில் எடுத்தது" என்று எழுதுவது மெதுவாகக் குறைந்தது.

மதிப்பீட்டுக்கு அனுப்பிய பக்கம், ஆசிரியர் விடுவிக்கும்வரை பூட்டிக்கொள்ளும். இது நல்ல ஏற்பாடு.

சரி, சிரமங்கள். சர்வரில் நிறுவி, அப்டேட் செய்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். தொடக்கத்தில் ஒருவருக்கு 50 எம்.பி. இடம்தான், வீடியோ போட்டால் உடனே நிறைந்துவிடும், நிர்வாகியிடம் சொல்லிக் கூட்டிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் ஆள் இல்லாத பள்ளி என்றால் இதற்குள் போகவே வேண்டாம், இணையப் பக்கம் அமைக்க உதவும் கூகுள் சைட்ஸ் போதும். ஆசிரியரும் நேரம் ஒதுக்க வேண்டும். ஜர்னலைப் படித்து ஒரு கேள்வியாவது எழுதாவிட்டால் இதுவும் ரெக்கார்டு நோட்டாகிவிடும், முதல் பேட்சில் பாதிப் பேருக்கு நான் அப்படித்தான் விட்டுவிட்டேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

படிப்பு முடிந்து போகிறவர்கள் மொத்தத் தொகுப்பையும் பிரவுசரில் திறக்கும் எச்.டி.எம்.எல். கோப்பாக எடுத்துக்கொள்ளலாம், அதைத் திறக்க இணையம் தேவையில்லை, பென்டிரைவில் போட்டு நேர்முகத் தேர்வுக்கே கொண்டுபோகலாம். கடைசி நேரம் வரை தள்ளிப் போடாமல் இரண்டாம் வருடத் தேர்வுக்கு முன்பே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.