லே-ஆஃப், சம்பளமில்லா விடுப்பு, சுழற்சி வேலை, ஆட்குறைப்பு: தொற்றுக்காலத்தில் ஓசூர்ப் பட்டறைக்கு எது சரிப்படும்?

ஊரடங்கில் சம்பளத்தைப் பிடித்தமில்லாமல் கொடுக்க வேண்டும் என்று மத்திய உள்துறை 2020 மார்ச் 29-ல் போட்ட உத்தரவு, மே 18 முதல் விலக்கப்பட்டது. ஜூன் 12-ல் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னது. பேசுவதற்கு மேஜையில் என்னென்ன வழிகள் இருந்தன, ஒவ்வொன்றும் யாருக்கு எவ்வளவு செலவு என்பதுதான் இங்கே கணக்கு. அடுத்த தொற்று வந்தாலும் இதே கணக்குதான்.

ஓசூர் சிப்காட்டில் 60 பேர் வேலை செய்யும் வாகன உதிரிபாகப் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம் முடித்த தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 15,600 ரூபாய். 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 600.

லே-ஆஃப் என்பது ஆளை வேலையிலிருந்து நீக்காமல், வேலை கொடுக்க முடியாத நாளுக்கு மட்டும் நிறுத்திவைப்பது. அப்படி விட்டால் இழப்பீடு நாளுக்குப் பாதிக்கூலி, அதாவது 300. முழு மாதமும் வேலையில்லை என்றால் கைக்கு வருவது 7,800. ஓராண்டு தொடர்பணி இருக்க வேண்டும். பதிலி ஆளுக்குக் கிடையாது. 12 மாதத்தில் 45 நாளைத் தாண்டினால், அதற்குமேல் இழப்பீடு இல்லை என்று ஒப்பந்தம் போட இடமுண்டு. ஒப்பந்தம் இல்லாவிட்டால் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது ஆட்குறைப்புக்குப் போக வேண்டும். பெரும்பாலும் சிக்கல் வருவது கேட்டில்தான். லே-ஆஃப் நாளிலும் தொழிலாளி குறித்த நேரத்தில் தினம் ஒருமுறை வந்து மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பதிய வேண்டும். வராவிட்டால் இழப்பீடு போகும். கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளிக்கு அந்தப்பக்கம் குடியிருப்பவர் இ-பாஸ் இல்லாமல் எப்படி வருவார்? ஒடிசாவுக்கு ரயிலேறியவர் எங்கே பதிவார்? தொற்றுக்காலத்தில் கேட்டில் பதிவு தேவையில்லை என்று எழுத்தில் கொடுக்காத லே-ஆஃப், பாதிப் பேருக்கு வெறும் காகிதம்தான்.

சம்பளமில்லா விடுப்பு முதலாளிக்கு மிகச் சுலபம். அதனாலேயே மிக மோசமானது. சம்பளத்தைக் குறைக்கவோ ஷிப்டை மாற்றவோ 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு ஆளை வீட்டில் உட்கார வைத்தால் முழுச் சம்பளமும் பின்னால் கேட்கப்படும். தொழிலாளிக்கு இழப்பு இன்னும் ஆழம். ஈ.எஸ்.ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், நோயில் படுத்தவருக்குக் கிடைக்கும் நோய்ப்படி சராசரிக் கூலியில் 70 சதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. அதைப் பெற ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா சேர்ந்திருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை விடுப்பில் கிடந்தவருக்கு, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை காய்ச்சலில் படுத்தால் ஒரு ரூபாய்கூட வராது. நோய் பரவும் காலத்தில் நோய்க்காப்பையே பறிப்பது இது. லே-ஆஃப் பணம் அப்படியல்ல; தொற்றுக்காலத்தில் இருந்த ஈ.எஸ்.ஐ சட்டத்தில் அதுவும் ஊதியமாகவே கணக்கானது, சந்தா உண்டு.

சுழற்சி வேலையில் ஆளுக்கு மாதம் 13 நாள் வேலை, மீதி 13 நாளுக்குப் பாதிக்கூலி. 7,800-உம் 3,900-உம் சேர்த்து 11,700. லே-ஆஃபைவிட முதலாளிக்கு 3,900 கூடுதல். ஆனால் அதற்கு 13 நாள் உற்பத்தி கிடைக்கிறது, கை பழகிய ஆளும் போய்விடுவதில்லை. எங்கள் தேர்வு இதுதான். இதைக் கமிட்டி ஆட்களோடு மட்டும், பழைய தொழில் தகராறு சட்டத்தின் 18(1) பிரிவு ஒப்பந்தமாகப் போட்டால் கையெழுத்திட்டவரை மட்டுமே கட்டும். சமரச அதிகாரி முன்னால் 12(3)-ஆகப் போட்டால் சங்கத்தில் இல்லாதவரையும், பிறகு சேர்பவரையும் கட்டும். (2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன, பேச்சில் இன்னும் பழைய எண்தான்.) பழைய சம்பளம் எந்தத் தேதியில் தானாகத் திரும்பும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 'நிலைமை சரியானதும்' என்ற சொல்தான் பிறகு வழக்காகும். வேலை செய்த நாளின் கூலி குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது; அதை ஒப்பந்தத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. 12 மணி நேர ஷிப்டாக்கிச் சமாளிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். தொற்றைக் காரணம் காட்டி, இரட்டிப்பு ஓவர்டைம் இல்லாமல் வேலைநேரத்தை நீட்டிய குஜராத் அறிவிப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1-ல் ரத்து செய்தது.

ஆட்குறைப்பு, அதாவது ஆளை நிரந்தரமாக நீக்குவது, கடைசிக் கதவு. நோட்டீஸுக்குப் பதில் ஒரு மாதச் சம்பளம் 15,600. இழப்பீடு வருடத்துக்கு 15 நாள், அதாவது அரை மாதச் சம்பளம் வீதம் 39,000. கிராஜுவிட்டி என்ற பணிக்கொடையும் வருடத்துக்கு 15 நாள்தான், ஆனால் மாதத்தை 26 நாளாக வகுத்த கணக்கில் 45,000. நீக்கப்பட்டவர் வேறு திறன் கற்க, புதிய சட்டத்தொகுப்புப்படி மறுதிறன் நிதிக்கு 7,800. மொத்தம் 1,07,400, விடுப்புப் பணம் தனி. முன்பு கொடுத்த லே-ஆஃப் பணத்தை 39,000-இல் கழித்துக்கொள்ளலாம். கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும். கணக்கு முடித்த சம்பளத்தை இரண்டு வேலை நாளில் கொடுக்க வேண்டும். அரசின் முன் அனுமதி வாங்க வேண்டிய வரம்பு, பழைய மத்தியச் சட்டத்தில் இருந்த 100 பேரிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டதால், நம் 60 பேர் பட்டறைக்கு அந்தத் தடை இல்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்தக் கணக்குக்குள் வராதவர்கள் நிறைய. காவேரிப்பட்டணம், பர்கூர்ப் பக்கத்து மாங்கூழ் ஆலைகள் பருவத் தொழில் என்று கணக்கானால் லே-ஆஃப் இழப்பீடு பொருந்தாது. பருவத் தொழிலா இல்லையா என்ற தகராறில் அரசின் முடிவே இறுதி. 2020-இல் ஊரடங்கு மாம்பழப் பருவத்தின் மேலேயே விழுந்தது. 50 பேருக்குக் குறைவான கிரானைட் பாலிஷ் பட்டறைகளுக்கும் பாதிக்கூலி விதி இல்லை. அதனால் ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று பல முதலாளிகள் நினைக்கிறார்கள்; அது தவறு. நிலையாணை என்ற ஆலையின் வேலை விதிகளிலோ வேலை ஒப்பந்தத்திலோ லே-ஆஃப் உரிமை எழுதியிருக்காவிட்டால் முழுக்கூலியும் கேட்கலாம் என்பது 1976-லேயே பயர்ஸ்டோன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலிஷ் பட்டறைத் தொழிலாளி முதலில் தேடி எடுக்க வேண்டியது தன் நியமனக் கடிதத்தை. அது இல்லையென்றால் ஈ.எஸ்.ஐ அட்டையையும் கூலிச்சீட்டையும்.