இங்கிலாந்தில் வாடகைக்குப் போகிறவர்களுக்கு: டெபாசிட்டுக்குக் குழி முதல் வாரத்திலேயே வெட்டப்படுகிறது

ரெடிங்கில் நாங்கள் குடியிருந்த வீட்டைக் காலி செய்ததும், 1,500 பவுண்ட் டெபாசிட்டில் 1,130 பவுண்டைப் பிடித்துக்கொள்ளப் போவதாக ஏஜென்டிடமிருந்து மெயில் வந்தது. ஹாலில் கார்ப்பெட் மாற்ற 540, வீடு சுத்தம் செய்ய 280, பெயின்ட் அடிக்க 220, செக்-அவுட் ரிப்போர்ட் எடுத்ததற்கு 90. கடைசியில் அவர்கள் கைக்குப் போனது 70 பவுண்ட்தான். ஆனாலும் இதை எழுதுகிறேன். குடிபோகும்போது வீடு இருந்த நிலைக்கு ஆதாரமாக அவர்கள் எடுத்துக்காட்டிய இன்வென்டரி ரிப்போர்ட்டே வேறு, அதில் இருந்த படங்கள் வேறு. அந்த ஏஜென்சி மேல் புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இல்லை, இதே வேலையை யாரும் செய்யலாம்.

முதலில் கொஞ்சம் சட்டம். புதிதாக வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை, ஏஜென்டும் வாய் திறப்பதில்லை. 2007 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த மாதிரி வாடகைக்கு வாங்கும் டெபாசிட்டை, அரசு அங்கீகரித்த ஒரு பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். இங்கிலாந்தில் மூன்று திட்டங்கள் இருக்கின்றன: டெபாசிட் புரொடெக்ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம். பணம் வாங்கிய 30 நாளுக்குள் பதிவு செய்து, எந்தத் திட்டம், என்ன விவரம் என்று உங்களுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லையென்றால் நீதிமன்றத்துக்குப் போய் டெபாசிட்டின் ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை அபராதம் கேட்கலாம். 2019 ஜூனுக்குப் பிறகு வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்கக்கூடாது. எங்கள் வாடகை மாதம் 1,300, ஐந்து வாரத்துக்கு மிகச்சரியாக 1,500. அந்தக் கணக்கில் ஒரு குறையும் இல்லை. பதிவும் ஒழுங்காகச் செய்திருந்தார்கள். அதனாலேயே நல்ல ஏஜென்சி என்று நினைக்கத் தோன்றும்.

(ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்குச் சட்டமும் திட்டங்களும் வேறு. அங்கே போய் நான் சொன்னதாக வாதாட வேண்டாம்.)

சரி, இன்வென்டரிக்கு வருவோம். குடிபோகும்போது வீட்டில் என்னென்ன இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று அறை அறையாக எழுதி, படத்தோடு ஒரு பிடிஎஃப் அனுப்புவார்கள். எங்களுக்கு வந்ததில் எழுபது எண்பது பக்கம் இருக்கும். 'ஏழு நாளுக்குள் மாற்றம் எதுவும் சொல்லவில்லையென்றால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வோம்' என்று அதன் கீழே ஒரு வரி. பெட்டி பிரிக்கும் வாரத்தில் எண்பது பக்கத்தை யார் வாசிப்பார்கள்? அந்த ஏழு நாளை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

நாங்கள் வாசித்தோம். என் மனைவி ஆடிட் வேலையில் இருப்பவள், ஒரு தாளை வாசிக்காமல் விட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. ஹால் கார்ப்பெட்டில் சோபா போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கறை. ரிப்போர்ட்டில் 'நல்ல நிலை, சுத்தம்'. குளியலறை சிலிக்கான் ஓரத்தில் கரும்பூஞ்சை. ரிப்போர்ட்டில் 'சுத்தம்'. படுக்கையறைச் சுவரில் முன்பு யாரோ டிவி மாட்டிக் கழற்றிய ஓட்டைகளைப் பூசி மேலே வேறு வெள்ளையைத் தடவியிருந்தார்கள். அதற்கும் 'நல்ல நிலை'. எல்லாவற்றையும் படம் எடுத்து, ரிப்போர்ட்டின் எந்தப் பக்கம், எந்த வரி என்று குறித்து, கெடு முடிவதற்குள் ஏஜென்டுக்கு மெயில் அனுப்பினோம். 'நன்றி, கோப்பில் சேர்த்துவிட்டோம்' என்று பதிலும் வந்தது. அந்த ஒரு வரி பதில் பின்னால் எங்களுக்கு எவ்வளவு உதவப்போகிறது என்று அப்போது தெரியாது.

காலி செய்யும்போது செக்-அவுட் என்று அதே ஆபீஸிலிருந்து ஒரு பையன் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம்தான் அந்த 1,130 பவுண்ட் மெயில். கூடவே ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு ரிப்போர்ட், குடிவந்தபோது எடுத்தது ஒன்று, காலி செய்தபோது எடுத்தது ஒன்று. குடிவந்தபோது எடுத்ததில் நாங்கள் அனுப்பிய குறிப்புகளில் ஒரு எழுத்துகூட இல்லை. 'குடியிருப்பவரிடமிருந்து மாற்றம் எதுவும் வரவில்லை' என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தார்கள்.

கோபத்தில் அந்த ரிப்போர்ட்டை மறுபடி புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் மனைவி கேட்டாள்: "ஏங்க, நாம ஜனவரியிலதானே குடிவந்தோம்? ஜன்னலுக்கு வெளியே மரம் எப்படி இவ்வளவு பச்சையா இருக்கு?"

ஹால் ஜன்னலை எடுத்த படத்தில் வெளியே நிற்கும் மரம் இலை அடர்ந்து தளதளவென்று இருந்தது. இந்த ஊரில் ஜனவரியில் அந்த மரம் வெறும் குச்சிதான். அதாவது, எங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கோ அதற்கும் முன்னால் இருந்தவர்களுக்கோ ஏதோ ஒரு கோடையில் எடுத்த படங்களை, தேதியை மட்டும் மாற்றி எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். கார்ப்பெட் சுத்தமாகத் தெரிவதில் என்ன ஆச்சரியம்? கறை படுவதற்கு முன்பு எடுத்த படம்.

இதை எழுதி அனுப்பினோம். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பதில் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சலுகை வந்தது: 'ஓனர் நல்லெண்ணத்தில் 800 பவுண்டுக்குச் சம்மதிக்கிறார், இரண்டு நாளில் ஒப்புதல் கொடுத்தால் மீதிப் பணம் உடனே வந்துவிடும். இல்லையென்றால் தகராறு மாதக்கணக்கில் இழுக்கும், அடுத்த வீட்டுக்கு ரெஃபரன்ஸ் கொடுப்பதும் கஷ்டம்.' இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் பெரும்பாலும் விழுந்துவிடுகிறார்கள். விசா, வேலை, அடுத்த வீட்டு டெபாசிட் என்று தலைக்கு மேல் வேலை இருக்கும்போது, போனால் போகட்டும் என்று ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்டால் முடிந்தது, பிறகு திட்டத்தாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஊரில் காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டதால், இங்கே 220 பவுண்ட் என்று பார்த்ததும் நியாயம் போலவே தோன்றுகிறது. நியாயம் இல்லை. குடியிருந்தால் சுவர் மங்கும், கார்ப்பெட் தேயும். அந்த இயல்பான தேய்மானத்துக்கு ஓனர் காசு கேட்க முடியாது.

உண்மையாகவே நீங்கள் ஒரு பொருளைக் கெடுத்திருந்தாலும் புதுசின் முழு விலையையும் கேட்க முடியாது. 600 பவுண்ட் கார்ப்பெட், எட்டு வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வருடம் ஆன பிறகு அதைப் பாழாக்கினால், மிச்சமிருக்கும் இரண்டு வருடத்துக்கு உண்டான 150 பவுண்டைத்தான் கேட்கலாம். பழைய கார்ப்பெட்டைக் கொடுத்துவிட்டுப் புதுக் கார்ப்பெட் வாங்கிக்கொள்ள டெபாசிட் ஒன்றும் சீட்டுப் பணம் இல்லை. எங்கள் ஏஜென்டிடம் கார்ப்பெட் வாங்கிய ரசீது எங்கே, எந்த வருடம் போட்டது என்று கேட்டேன். கடைசிவரை வரவில்லை.

செக்-அவுட் கட்டணம் 90 பவுண்ட் என்பது இன்னும் மோசம். 2019 சட்டத்துக்குப் பிறகு குடியிருப்பவரிடம் அந்தக் கட்டணத்தைக் கேட்பதே தவறு. கம்பெனி வைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும், அதன் ரசீதைக் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்தாலும் அது செல்லாது. குடிவந்தபோது இருந்த அளவுக்குச் சுத்தமாக விட்டுப் போனால் போதும், நீங்களே துடைத்தாலும் சரி.

நாங்கள் சலுகையை மறுத்து, டெபாசிட் பதிவான திட்டத்திலேயே தகராறு எழுப்பினோம். இதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. பணம் ஏஜென்ட் கையிலேயே இருக்கும் காப்பீட்டு வகை எங்களுடையது. தகராறு என்று வந்ததும் சண்டையில் இருக்கும் தொகையை அவர் திட்டத்தாரிடம் கட்ட வேண்டும். சண்டையில் இல்லாத 370 பவுண்ட் முதலில் திரும்பி வந்தது. இந்த வகையில் காலி செய்த மூன்று மாதத்துக்குள் தகராறு எழுப்ப வேண்டும். ஏஜென்ட் 'பார்க்கிறோம், பேசுகிறோம்' என்று இழுத்தால் அந்தக் கெடுவை மனதில் வைத்துக்கொண்டுதான் இழுக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

தீர்ப்புச் சொல்பவர் வீட்டுக்கு வந்து பார்க்க மாட்டார். போனில் கூப்பிட்டுக் கேட்கவும் மாட்டார். இரண்டு பக்கமும் ஏற்றிய காகிதத்தை மட்டும் பார்ப்பார். டெபாசிட் குடியிருப்பவரின் பணம், பிடிக்க வேண்டும் என்றால் அதற்கான காரணத்தை நிரூபிக்க வேண்டியது ஓனர் என்பதுதான் அங்கே அடிப்படை. அதனால் பக்கம் பக்கமாக ஆதங்கத்தைக் கொட்டாமல், ஒவ்வொரு தொகைக்கும் ஒரு பத்தி எழுதினோம். நாங்கள் குடிவந்த வாரம் அனுப்பிய மெயில், படங்கள், 'கோப்பில் சேர்த்துவிட்டோம்' என்ற பதில், பச்சை மரம் தெரியும் படம், அதே ஜன்னலிலிருந்து எங்கள் போனில் ஜனவரியில் எடுத்த மொட்டை மரம். அவ்வளவுதான்.

தீர்ப்பில் யாரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை, அப்படிச் சொல்வது அவர்கள் வேலையும் இல்லை. 'குடிவந்தபோது இருந்த நிலைக்கு நம்பகமான ஆதாரம் இல்லை' என்று மட்டும் எழுதி, கார்ப்பெட்டுக்கும் பெயின்டுக்கும் ஒன்றும் இல்லை, செக்-அவுட் கட்டணம் கேட்கவே முடியாது என்று முடித்துவிட்டார்கள். சுத்தம் என்று கேட்ட 280-இல் சமையலறை ஓவன் அடுப்புக்கு மட்டும் 70. அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். தேய்த்து வைத்துவிட்டுத்தான் வந்தோம், ஆனால் ஓவன் கதவுக் கண்ணாடிக்கு நடுவில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கு செக்-அவுட் படத்தில் பளிச்சென்று தெரிந்தது. நம் தாளிப்பு அங்கேயெல்லாம் போய் உட்காரும் என்று யாருக்குத் தெரியும். அந்தக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க முடியும் என்று இப்போது உங்களுக்குத் தெரிகிறது.

மீதி 1,060 பவுண்ட் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் பழைய படத்துக்குத் தேதி மாற்றியது, எங்கள் குறிப்பை மறைத்தது பற்றியெல்லாம் டெபாசிட் திட்டத்தார் விசாரிப்பதில்லை. இங்கிலாந்தில் வாடகை ஏஜென்ட் எவரும் அரசு ஒப்புதல் பெற்ற ஒரு குறைதீர்ப்பு அமைப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும். அங்கே போகுமுன் ஏஜென்சிக்கே எழுத்தில் புகார் கொடுத்து எட்டு வாரம் அவகாசம் தர வேண்டும். கொடுத்துவிட்டோம். அந்த ஆபீஸ் மேலாளர் 'பணியாளர் மாறியதால் நேர்ந்த தவறு' என்று ஒரு பதில் அனுப்பியிருக்கிறார். எந்தப் பணியாளர், எத்தனை வீட்டு ரிப்போர்ட்டில் இப்படி நேர்ந்தது என்று திருப்பிக் கேட்டிருக்கிறோம். ரெடிங் பக்கம் சமீபத்தில் வீடு காலி செய்தவர்கள், உங்கள் இன்வென்டரியில் ஜன்னல் தெரியும் படங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஏதாவது பொருந்தாமல் இருந்தால் எனக்குத் தனிச்செய்தியில் சொல்லுங்கள், புகாரோடு சேர்த்துக்கொள்கிறேன்.